காலி இடம்

நெருக்கடி நிலை. சித்திரை வெயில் கண்ணாடி ஓடு வழியாக அச்சகத்து எழுத்துப் பெட்டிகளின்மேல் இறங்குகிறது. தணிக்கையிலிருந்து திரும்பிய புரூஃபில் நான்கு வரிகளைச் சிவப்பு மை அடித்திருக்கிறது. உசிலம்பட்டியில் போலீஸ் கொண்டுபோன சுருளியைப் பற்றிய வரிகள். அச்சுக்கோக்கும் பேச்சிமுத்துவுக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. “அந்த எடத்தயாச்சும் காலியா விட்ருவோம் சார். படிக்கிறவன் என்னமோ இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிருவான்ல?” பத்திரிகை ஆசிரியர் ஹாலாஸ்யம் நிமிர்ந்து பார்க்கவில்லை. “காலியா விட்டாலும் குத்தமாம்ப்பா. பிரஸ்ஸுக்கே சீல் வச்சுடுவா.” பேச்சிமுத்து அந்த வரிகளைப் பிரிக்கிறான். தம்பியின் பெயர் ஈய எழுத்துகளாக, டொக் டொக்கென்று அதனதன் அறைக்குள் விழுகிறது. அரசு அனுப்பிய வாசகத்தைக் கோத்து வைக்கிறான்: ‘நாடெங்கும் அமைதி.’ ஒரு வரிதான் வருகிறது. “மிச்சம் மூணு வரிக்கு என்ன சார் போட?” “அதையேதான். நாலு தரம் போட்டுடு.”