குரோதன வருஷத்துச் சண்டை

குரோதன வருஷம் பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆதிலட்சுமி அச்சகத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, வருஷ பலன் நோட்டீஸ் அடிக்க வந்திருந்த ஜோசியர் காசி அவளைப் பார்த்துவிட்டார்.

மூன்றாவது வருஷமாக வருகிறாள். அவள் புருஷன் தருமன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஈராக்குக்குக் கட்டட வேலைக்குப் போனவன். அவன் போன கொஞ்ச நாளில் அங்கே சண்டை மூண்டது. சித்திரை முதல் தேதி அடி அண்ணாமலை கோயிலில் காசி வாசிக்கும் வருஷ பலனில், மழையோ விலைவாசியோ அவளுக்கு வேண்டாம்; அந்தச் சண்டை மட்டும் போதும்.

“வாம்மா. எந்த நாட்டோட எந்த நாடு மோதணும்னு நம்ம ஜோசியர் இப்பத்தான் உத்தரவு போட்டிருக்காரு” என்றார் அச்சக முதலாளி மூர்த்தி, அச்சுக் கோத்தபடியே.

அவள் சிரிக்கவில்லை. ஜாதகத்தை எடுக்கப் பையைத் திறந்தாள். கூடவே ஒரு நீல இன்லண்ட் லெட்டரும் வந்தது.

“தருமன் எழுதினதா?”

“ஆமாங்க.” அதை அவசரமாக உள்ளே தள்ளினாள்.

காசிக்கு மனசு இளகிவிட்டது. பெண்சாதி போன பிறகு, அவர் வீட்டிலும் ஒற்றைத் தட்டுதான். சண்டை நீளும் என்றே கிரகங்கள் சொல்லின. ஆனாலும் இவளுக்காக, முதல் தடவையாகப் பலனை மாற்றி எழுதியிருந்தார்.

“ஜாதகம் வேணாம்மா. ஆடிக்குள்ள ஈரானும் ஈராக்கும் சமாதானம் ஆயிடும். நோட்டீசுலயே போட்டாச்சு.”

அவள் முகம் வெளுத்தது.

“மாத்திடுங்கய்யா. சண்டை இன்னும் ஜாஸ்தியாவும்னு போடுங்க.”

“என்னா பேச்சும்மா இது? உன் மாமியாரு பச்சையம்மா வருஷா வருஷம் கோயில்ல மொத வரிசையில வந்து உக்காந்து, இந்த ஒரு வரிக்காகத்தானே காத்துக்கினு இருக்குது? சண்டை நின்னா புள்ள வந்துடுவான்னு ஊரெல்லாம் சொல்லுதே!”

“அதனாலதாங்க. சண்டை நடக்கறவரைக்கும் யாரும் என்னை ஒண்ணும் கேக்கமாட்டாங்க.”

மூர்த்தியின் கை நின்றது. காசி குரலைத் தாழ்த்தினார்.

“அவன் வர்றது உனக்குப் புடிக்கலியா?”

அவள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“அவரு மூணு வருஷமா பம்பாயில வேற குடும்பத்தோட இருக்காருங்க.”