அடக்க விலை

ஜெராம் கடைத்தெருவில், லோரி இறக்கிவிட்டுப் போன வெங்காய மூட்டைகளின் நடுவே சபுரா சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே இறங்கும் காலை வெயில் அவள் முக்காட்டில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. எதிரே அவள் கணவன் கிஃபாயத்துல்லா நிற்கிறான். இரண்டு வருடமாகச் சரக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் கையில் எதுவும் தங்குவதில்லை. இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாம் என்று நேற்றுத்தான் சொன்னான். கம்பியில் குத்தியிருந்த பில்களையெல்லாம் அவள் உருவி மடியில் பரப்பியிருக்கிறாள். காகிதப் பையின் மேல் பென்சில் கீச்சிடுகிறது.

“மூட்டை நாப்பது கிலோ, முப்பத்திரண்டு வெள்ளி. கிலோ எம்பது காசுன்னு எம்பத்தஞ்சுக்கு விக்கிறோம். மூட்டைக்கு லோரிக் கூலி ரெண்டு வெள்ளிய எதுல சேத்தீங்க மச்சான்?”

“அது தனிச் செலவுலா.”

“வெங்காயம் வந்து சேரத்தானே குடுத்தோம்? அதுவும் வெங்காயத்து வெலதான். மூட்டைல அழுகி வீசறது ரெண்டு கிலோ. முப்பத்திநாலு வெள்ளிய முப்பத்தெட்டு கிலோவுக்குப் பங்கு போட்டுப் பாருங்க.”

பென்சில் நிற்கிறது. கிட்டத்தட்ட தொண்ணூறு காசு. விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்து காசைக் கையிலிருந்து போட்டுக் கொடுத்திருக்கிறான். கிஃபாயத்துல்லா அந்த எண்ணையும் அதை எழுதிய விரல்களையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

எஸ்டேட்டிலிருந்து வந்த இராஜம்மா வாசலில் பையை நீட்டுகிறாள். “வெங்காயம் என்ன வெல பாய்?”

அவன் மனைவியின் பக்கம் திரும்பி, அவள் சொல்லட்டும் என்று காத்து நிற்கிறான்.