இருபத்தைந்து வயது எபனேசர்

"மிதக்கும் குக்கர்" ராக் குழு கலைந்து முப்பது ஆண்டுகளாகியும் வாரம் ஒரு புதுப்பாட்டு வருகிறது. பாடுவது இருபத்தைந்து வயது எபனேசர். பழைய ஆல்பங்களைக் கேட்டு இயந்திரம் உண்டாக்கிய குரல். அந்தக் குழுவில் பாடிய அசல் எபனேசருக்கு இப்போது அறுபது. நீல ஆடு நிலாவை மேய்கிறது என்று அந்தப் பயல் கிறுக்குத்தனமாகப் பாடினால் போதும், பெரம்பூர் வீட்டுச் சமையலறையில் மனைவி ரோஸ்லின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கரண்டியோடு ஆடுவாள். எபனேசருக்கு வயிறு எரியும். ஆட்டை முதன்முதலில் நிலாவில் மேயவிட்டதே அவர்தானே!

போன ஞாயிறு அவள் சர்ச்சுக்குப் போனதும் கிடாரை எடுத்து அவரே ஒரு பாட்டைப் பதிவு செய்தார். குழுவின் எல்லாப் பாட்டும் குக்கர் விசிலில்தான் முடியும். அதனால் அரிசியைப் போட்டு மூன்று விசிலையும் பிடித்தார். மறுநாள், "அவனோட புதுப்பாட்டு வந்திருக்கு" என்று அவளிடம் சொல்லிப் போட்டுக் காட்டினார்.

ரோஸ்லினின் கரண்டி அசையவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னாச்சுங்க அவனுக்கு? உங்கள மாதிரியே இழுக்குறான். அந்த விசிலு மட்டும்தான் அவன் போட்ட மாதிரி இருக்கு."