நடு அளவு போதும்

மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக் திறந்து ஆறு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த டாக்டர் சொக்கநாதனுக்கு அன்றுதான் முதல் கேஸ் வந்தது. ஜவுளிக்கடை பத்ரிநாத்தும் அவர் மனைவி சூடாமணியும் வந்து, மார்பை எடுப்பாக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் உற்சாகமாக மூன்று சிலிக்கான் பைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இருக்கிறதிலேயே பெருசு இதுதானா?" என்றார் பத்ரிநாத்.

"உங்களுக்குக் கூறே கிடையாது. நடுவுல உள்ளது போதும் டாக்டர். ஜாக்கெட் தொங்காம நின்னாச் சரி" என்றாள் சூடாமணி.

டாக்டர் அவளைப் பார்த்தார். "ஆபரேஷன் உங்களுக்குத்தானே?"

"ஐயே, எனக்கு எதுக்கு? கடை வாசல்ல நிக்கிறாளே, அவளுக்கு."

"அவங்க சம்மதிச்சாங்களா?"

"அவ எங்க வாயைத் திறக்கப்போறா?" என்று சிரித்தார் பத்ரிநாத். "பம்பாய்க்குப் போய் வாங்கிட்டு வந்தேன். மூணு வருஷமா பகல் பூரா நிக்கிறா. ஒருநாள்கூட உக்காந்ததில்லை."

"வாங்கிட்டு வந்தீங்களா?" டாக்டர், முதல் கேஸ் போனால் போகட்டும் என்று, போலீசைக் கூப்பிட டெலிபோனை எடுத்தார். "எங்கய்யா அந்தப் பொண்ணு?"

"கீழ ரிக்‌ஷாவில படுக்க வச்சிருக்கோம். தீபாவளிக்குள்ள சரிபண்ணிக் குடுத்துருங்க."

டாக்டர் டெலிபோனைப் போட்டுவிட்டுப் படிகளில் தாவி இறங்கினார். ரிக்‌ஷாவில் பட்டுச்சேலை உடுத்திய துணிக்கடை பொம்மை ஒன்று விறைப்பாகக் கிடந்தது.

மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்த பத்ரிநாத், மாடியில் தொங்கிய 'பிளாஸ்டிக் சர்ஜன்' போர்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"ஒசத்தி பிளாஸ்டிக்தான் டாக்டர். வேணும்னா தட்டிப் பாருங்க."