கால்மாட்டில் ஒரு அடி

தச்சர் கொளஞ்சியப்பன் படுக்கைப் பலகையை மறுபடியும் அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

"ஆறே முக்கால் அடி சார். பாப்பா சொன்ன அளவுதான். ஆனா இவ்ளோ நீளம் யாருக்கு?"

அதே கேள்விதான் கண்ணாயிரத்தையும் அரித்துக்கொண்டிருந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டுக் கொல்லையில், குளியலறையை ஒட்டி, மர அறை ஒன்று பாதி எழும்பி நின்றது. அதற்கு சானா என்று பெயர். தெருக்காரர்கள் வேர்வை ரூம் என்றார்கள். சித்திரை மாசம் மொட்டை மாடியில் நின்றாலே போதுமே, இதற்கு எதற்குத் தனியாக ரூம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள்.

கட்டச் சொன்னது மகள் சிந்துஜா. சிதம்பரத்தில் என்ஜினியரிங் முடித்து, பின்லாந்தில் செல்போன் கம்பெனி வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு வருகிறாள். அதற்குள் அறை தயாராக வேண்டும்.

"ஒங்க முட்டி வலிக்கு நல்லதுப்பா" என்றாள் போனில்.

கண்ணாயிரம் நம்பவில்லை.

மின்வாரியத்தில் அவர் வேலை பார்த்ததே, கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிற வீடுகளைக் கண்டுபிடிப்பதற்குத்தான். மீட்டரைப் பார்ப்பதற்கு முன் ஆளின் முகத்தைப் பார்ப்பார். ரிட்டையரான பிறகும் அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை.

முட்டி வலி இன்றைக்கு நேற்று வந்ததா? அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே தைலம் தேய்த்துவிட்டவள்தானே.

முதலில் அவளுக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று பயந்தார். அந்தக் குளிர் எலும்பில் இறங்கிவிட்டதோ, டாக்டர் சொல்லியிருப்பாரோ. சுற்றி வளைத்துக் கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி முன்னாலேயே வந்துவிட்டது போல அவருக்குப் பட்டது.

பிறகு பாண்டிச்சேரிக்குப் போய் ரெடிமேட் பெட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளலாம். விலையும் குறைச்சல். அது வேண்டாம் என்றாள் சிந்துஜா. ரெண்டு பேர் இருக்கிற மாதிரி வேணும்ப்பா, நீட்டிப் படுக்கிற மாதிரி வேணும். மரம் பிசின் விடக் கூடாது, சூட்டுல தோலு வெந்துபோகும். அடுப்பின் மேல் வைக்கிற கல்லைப் பற்றிக்கூட அவ்வளவு பேசினாள்.

மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று கேட்டால் இரண்டு வார்த்தையில் போனை வைத்துவிடுகிறவள்.

கண்ணாயிரம் சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையின் மேல் ஏறி மல்லாந்து படுத்தார்.

"என்னா சார்?" என்றார் கொளஞ்சியப்பன்.

"இரு."

தலையை ஒரு ஓரத்தில் சரியாக வைத்துக் காலை நீட்டினார். குதிகாலுக்கு அப்பால் பலகை போய்க்கொண்டே இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். கால்மாட்டில் ஒரு அடிக்கு மேல் சும்மா கிடந்தது.

சிந்துஜா அவரைவிடக் குள்ளம். மனைவி விருத்தாம்பாள் அவர் தோளுக்குத்தான் வருவாள். அந்தக் குடும்பத்தில் அந்த இடத்தைக் காலால் தொடக்கூடியவர் யாரும் இல்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. மார்கழி வெயில் முகத்தில் இதமாக விழுந்தது. கொளஞ்சியப்பன் கதவுக்கு அளவு போடப் போய்விட்டார்.

"வாசல் அஞ்சே முக்கால் அடி போதும் சார். தாழ இருந்தாதான் சூடு தங்கும்."

விருத்தாம்பாள் டீயோடு வந்தாள். இத்தனை நாள் இந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். கொளஞ்சியப்பன் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, வாசலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு அடி ஒசத்துங்க. அந்தத் தம்பி குனிஞ்சி குனிஞ்சி வந்தா கழுத்து வலிக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"எந்தத் தம்பி?" என்றார் கண்ணாயிரம், படுத்தபடியே.

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிதம்பரத்தில் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரில் மகளைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறவள் அவள். அவர்தான் போனதில்லை. பெற்ற பிள்ளையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க மனசு வரவில்லை என்று இருந்துவிட்டார். அந்தக் கண்ணாடிக்குள் மகளுக்குப் பின்னால் யார் வந்து நின்றார்கள், எப்போதிலிருந்து நிற்கிறார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது.

"ஒங்கிட்டதான் சொல்லணும்னு இருந்தாளா?"

"ஒங்ககிட்ட சொல்லப் பயம். பொங்கலுக்கு அந்தத் தம்பியயும் கூட்டியாருது, நேர்ல பாத்தா ஒங்களுக்குப் புடிச்சிடும்னு சொல்லுது. அவுங்க ஊர்ல இந்த ரூம் இல்லாத வீடே கெடையாதாம். வந்த எடத்துல அந்தப் புள்ளைக்கு ஒன்னாவது பழகுனதா இருக்கட்டும்னு நெனைக்குது."

கொளஞ்சியப்பன் டீயைக் குடிக்காமல், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

முப்பது வருஷம் ஊரான் வீட்டுத் திருட்டையெல்லாம் கண்டுபிடித்த மனுஷன் கண்ணாயிரம்.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முதுகில் ஒட்டியிருந்த மரத்தூளை விருத்தாம்பாள் தட்டிவிட வந்தாள். அவர் விலகவில்லை.

"கொளஞ்சி."

"சார்."

"அம்மா சொன்ன மாதிரியே ஒசத்திடு. அப்பறம், தெருவாசல் நிலையையும் ஒரு தடவ அளந்துட்டுப் போ."

"அது எதுக்கு சார்?"

"எங்கப்பன் தன் ஒசரத்துக்கு வச்சது. தல இடிக்கும்."