பழைய வார்த்தைகள்

“என் பேரு பூவரசன். வயசு இருபத்தி மூணு. ஜப்பான்ல, ஒசாகாவுல இருக்கேன்.”

சொந்த ஊரான இண்டூரின் வாட்ஸ்அப் குழுவுக்கு, குரலை எழுத்தாக்கும் வசதியில் பேசியே எழுதினான்.

தினம் காலையில் அம்மாவுக்கு ஒரு ஜப்பானிய வார்த்தை அனுப்புவான். சோறு வடித்துக்கொண்டே அதைச் சொல்லிப் பார்த்து, குரலைப் பதிவு செய்து அனுப்புவாள் அம்மா. “உன்னைய அங்க யாராச்சும் திட்டுனா எனக்கும் புரியணும்ல சாமி!”

பத்து நாளாக அம்மாவின் குரலில் பழைய வார்த்தைகளே வந்தன.

“புதுசு வேணாமாம்டா. பழசத் திருப்பிப் படிக்குது” என்றாள் அக்கா கலைமதி.

“அம்மாவ வீடியோவுல காட்டுக்கா.”

“இப்பத்தான்டா கண்ணசந்துது.”

இன்று மழைக்கான ‘அமே’யை அனுப்பினான். அம்மாவின் குரலில் தண்ணீருக்கான ‘மிசு’ வந்தது. பின்னால் தீபாவளி வெடிச் சத்தம்; அன்று அம்மா அனுப்பிய அதே பதிவு.

தீபாவளி முடிந்து இரண்டு மாதமாகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தான். “நான் ஓடியாந்துட்டா வேல போயிரும்னு வூட்ல மறைக்கிறாங்க. யாரையும் கோவிச்சுக்க மாட்டேங்க. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, எங்கம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க.”