காதுக்கு இதமான கதை

ஈரோட்டு வாசகர் வட்டத்தில் செல்வநாயகி கதை வாசித்தபோது நாற்பது பேர் காதில் கருவியைச் செருகிக்கொண்டு கேட்டார்கள். யார் எதைச் சொன்னாலும், கேட்பவருக்குப் பிடித்த மாதிரி மாற்றிக் கொடுக்கும் கருவி அது. அது இல்லாமல் இலக்கியம் கேட்கிற தைரியம் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை.

அவள் வாசித்தது அக்காவின் சாவை. காய்ச்சலில் கிடந்தவளை, புது வீட்டுக் கிரகப்பிரவேசம் முடியட்டும் என்று அக்கா புருஷன் ஈஸ்வரமூர்த்தி எட்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. ஒன்பதாம் நாள் அவள் செத்துப்போனாள். அவர் கேட்க வேண்டும் என்றுதான் செல்வநாயகி அதை எழுதினாள். அவரும் முன்வரிசையில் இருந்தார்.

முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஈஸ்வரமூர்த்தி பொன்னாடையோடு வந்தார்.

"நம்ம குடும்பத்தைப் பத்தி அருமையா எழுதியிருக்கற கண்ணு."

"அக்காவைக் கொன்னது நீங்கதான் மச்சான்."

"அட, நன்றியெல்லாம் எதுக்கு? என் கடமையைத்தானே செஞ்சேன்" என்று அவர் கூச்சப்பட்டார்.

அவள் அவர் காதிலிருந்த கருவியைப் பிடுங்கிக் காலில் போட்டு நசுக்கினாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் நின்ற அமைப்பாளரின் கையைப் பிடித்தார்.

"இந்தப் புள்ள என்னைக் கொலைகாரன்னு சொல்லுதுங்க. வெளிய அனுப்புங்க."

அமைப்பாளர் காதில் கருவி இருந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க. அடுத்த மாசமும் அவசியம் வந்துருங்க" என்று அவர் கும்பிட்டுவிட்டு போண்டா சாப்பிடப் போனார்.

ஈஸ்வரமூர்த்தி வெறும் காதோடு நின்றார். செல்வநாயகி முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.